'ஃபாலோயிங்': காசில்லாததால் வந்த ஓட்டைகள் அல்ல இவை

நோலனின் முதல் படம் 'ஃபாலோயிங்' (1998) பற்றி யாராவது குறை சொன்னால் போதும், "சுமார் 6000 டாலரில் எடுத்த படமய்யா, அதில் போய்..." என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். காசில்லாமல் வந்த குறைகளை நானும் மன்னித்துவிடுவேன். ஆனால் இதிலுள்ள பெரிய ஓட்டைகளை அடைக்கப் பைசா செலவில்லை, பேனா போதும். (முடிச்சை அவிழ்த்துத்தான் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், 70 நிமிடம்தான்.)

முதலில் மன்னிக்க வேண்டியவை. 16 எம்எம் கறுப்பு வெள்ளைப் படம். 400 அடிச் சுருள் ஒன்று 11 நிமிடம் ஓடும். எல்லா ஷாட்டையும் இரண்டு டேக் எடுத்தாலே பதின்மூன்று சுருள் வேண்டும், கழுவும் செலவு தனி. அதனால் நாடகம் போல ஒத்திகை பார்த்து, சனிக்கிழமைகளில் மட்டும், ஓரிரு டேக்கில் எடுத்தார்கள். பெரும்பாலும் ஜன்னல் வெளிச்சம்தான். கறுப்பு வெள்ளையில் பகல் ஒளியும் பல்பு ஒளியும் கலந்தாலும் நிறம் இடிக்காது, கெட்டிக்காரத்தனமான தேர்வு. விலை என்னவென்றால், வசனம் மனப்பாடமாக வந்து விழுகிறது. எதிரில் இருப்பவர் யோசிப்பதற்குள் பதில் தயாராக நிற்கிறது. மாற்று டேக் கையில் இல்லாதபோது எடிட்டர் என்ன செய்வார்?

சரி, கதைக்கு வருவோம். இளைஞன் ஒருவனைக் கொலைப்பழியில் மாட்டிவிட, காப் (Cobb) என்ற திருடன் விரிக்கும் வலை வேலை செய்ய என்னென்ன நடக்க வேண்டும்? தன்னைப் பின்தொடரும் இளைஞன், திருடப் போன வீட்டுக்காரியின் புகைப்படத்தைப் பார்த்து மயங்க வேண்டும். அவளைத் தேடிப் போய்ப் பழக வேண்டும். அவளுக்காகப் பெட்டகத்தை உடைக்கச் சம்மதிக்க வேண்டும். சுத்தியலோடு போக வேண்டும், அதை ஓர் ஆள்மீது பிரயோகிக்கவும் வேண்டும். பிறகு அவளிடமே உண்மையைக் கறந்து, தானாகவே போலீசுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் அவன் பயந்து வீட்டிலேயே படுத்திருந்தால் காப்பின் திட்டம் காலி. இவ்வளவு தற்செயலை நம்பி எந்தத் திருடன் தொழில் செய்வான்?

போலீஸ் பக்கம் இன்னும் மோசம். காப் என்று ஒருவனே இல்லை என்று அதிகாரி முடிவுகட்டிவிடுகிறார், அதுதான் கடைசித் திருப்பம். டி. லாயிட் என்ற பேரில் இருக்கும் கிரெடிட் கார்டில் இளைஞன் கையெழுத்துப் போட்டு, இருவருமாக உணவகத்தில் சாப்பிடுகிறார்கள். அந்த மேசையில் இரண்டு பேர் இருந்ததைப் பரிமாறியவர் பார்த்திருப்பாரே! "காப் என்று ஒருவன் உண்டா?" என்ற கேள்விக்கு அங்கே ஒரு நடை போய் விசாரித்தால் விடை கிடைத்திருக்கும். அதிகாரி அதைக் கேட்காததற்கு ஒரே காரணம், கேட்டால் கடைசித் திருப்பம் செத்துவிடும்.

இதெல்லாம் முதல் தடவை பார்க்கும்போது ஏன் உறுத்தவில்லை? காலத்தை வெட்டிக் கலைத்துப் போட்டிருப்பதால்தான். நீண்ட முடி, வெட்டிய முடியும் கோட்டும், வீங்கிய முகம் என்று மூன்று தோற்றங்களை வைத்து எந்தக் காட்சி எப்போது நடந்தது என்று கணக்குப் போடுவதிலேயே நம் மூளை ஓடிவிடுகிறது. கிரைட்டீரியன் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட வட்டில் காட்சிகளைக் கால வரிசையில் அடுக்கிய பதிப்பு ஒன்றும் இருக்கிறது. அதைப் போட்டுப் பாருங்கள், புதிர் போய்ச் சாதாரண மோசடிக் கதை ஒன்று மிஞ்சும்.

அந்த வரிசையில் அதிகம் அடிபடுவது நாயகிதான். அவளுக்குப் பேர் கிடையாது (இளைஞனுக்கும் டைட்டிலில் அப்படித்தான், ஆனால் அவனுக்குக் கதை முழுக்க இடம் இருக்கிறது). மிரட்டிப் பணம் பறிக்கும் துணிச்சல் உள்ளவள் என்கிறார்கள். ஆனால் அந்தத் துணிச்சலைத் திரையில் காட்டாமல் வாயால் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். லூசி ரஸ்ஸல் நல்ல நடிகை, பிறகு 2001-இல் பிரெஞ்சு இயக்குநர் எரிக் ரோமரின் படத்திலேயே நாயகியானவர். அவர் தனியாக உட்கார்ந்து யாருக்கோ போன் செய்து மிரட்டுவதாக ஒரு நிமிடக் காட்சி எழுதியிருந்தால் பாதிச் சுருள்கூடச் செலவாகியிருக்காது.