ஒரு வரி ஓவர்ரைட் போட்டால் கை தேய்ந்துவிடுமா?

முழுசாக இரண்டு நாள் போச்சு. ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பில் போகிறது என்று புகார். பட்டியலை நாங்கள் ஜாவா மொழியின் ஹாஷ்செட்டில்தான் போடுகிறோம். ஒரு ஆள் உள்ளே இருந்தால் அதே ஆள் மறுபடி நுழைய முடியாது. ஆனால் ஒருத்தரே இரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறார்!

டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டேன். பெயருக்குப் பின்னால் ஸ்பேஸ் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். டெஸ்ட் ஓட்டினால் எல்லாம் பச்சை. இரண்டு ஆப்ஜெக்டையும் ஈக்வல்ஸ் வைத்து ஒப்பிட்டால் ‘ட்ரூ’ என்கிறது, செட்டில் போட்டால் இரண்டாக நிற்கிறது. பேயடித்த மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில், எப்போதோ வேலையை விட்டுப் போன ஒரு புண்ணியவான் எழுதிய வரி கண்ணில் பட்டது. ஈக்வல்ஸ் மெத்தடின் அடைப்புக்குறிக்குள், எல்லா கிளாஸுக்கும் தாயான ‘ஆப்ஜெக்ட்’ வர வேண்டிய இடத்தில் எங்கள் ‘கஸ்டமர்’ கிளாஸ். அவ்வளவுதான்! ஓவர்ரைட் (தாய் கிளாஸின் மெத்தடை மாற்றி எழுதுவது) செய்வதாக நினைத்து ஓவர்லோட் (அதே பெயரில், வேறு டைப் வாங்கும் இன்னொரு மெத்தடைச் சேர்ப்பது) செய்து வைத்திருக்கிறார். அப்பா வீட்டைப் புதுப்பிக்கச் சொன்னால், பக்கத்து மனையில் அதே பெயர்ப்பலகையோடு ஒரு குடிசை போட்ட கதை. டெஸ்டில் வேரியபிளின் டைப் கஸ்டமர் என்பதால் கம்பைலர் நேராகக் குடிசைக்குப் போய்விட்டது. ஹாஷ்செட்டுக்குக் கஸ்டமரைத் தெரியுமா என்ன? ஆப்ஜெக்ட் வாங்கும் பழைய ஈக்வல்ஸைத்தான் கூப்பிடும். அது இரண்டும் மெமரியில் ஒரே ஆப்ஜெக்டா என்று மட்டும் பார்க்கும். இல்லையா? சரி, இரண்டு பேரும் உள்ளே வாங்க! இதில், ஆளைச் செட்டில் எந்தப் பெட்டியில் வைப்பது என்று சொல்லும் ஹாஷ்கோடை மட்டும் அழகாக எழுதியிருந்தார் மனுஷன். அதைப் பார்த்துத்தான் இந்தக் கிளாஸில் தப்பிருக்காது என்று நம்பித் தொலைத்தேன்.

மெத்தடுக்கு மேலே, ‘இது ஓவர்ரைட்தான்’ என்று கம்பைலருக்குச் சொல்லும் ஒரு அட் ஓவர்ரைட் (@Override) போட்டிருந்தால் அன்றைக்கே கம்பைலர் பிடித்திருக்கும். 2004-ல் ஜாவா 5-லேயே வந்துவிட்ட சமாசாரம். கேட்டால் ‘அது இல்லாமலும் ஓடுதே ப்ரோ’ என்கிறார்கள். ஓடுதுதான், எங்கே ஓடுது என்பதுதானே பிரச்சினை! ஜாவாவையும் சும்மா விடக் கூடாது. சி ஷார்ப் மொழியில் ஓவர்ரைட் என்று எழுதாமல் ஓவர்ரைட் ஆகவே ஆகாது. கோட்லினில் அதை விட்டால் கம்பைலே ஆகாது. ஜாவாவில் மட்டும் கல்யாண வீட்டு மொய் மாதிரி, இஷ்டப்பட்டால் எழுதலாம்.

திருத்திவிட்டு புராஜெக்ட் முழுக்கத் தேடினேன். இன்னும் நாலு கிளாஸில் இதே கூத்து. அதில் ஒன்றின் தலையில் கமெண்ட் வேறு: ‘நல்லா ஓடுது, தொடாதீங்க’.