மெட்ராஸ் பெயரில் பறந்த விமானங்கள்

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் தங்கை வீட்டில் பத்து நாள் இருந்தேன். ஐந்து நாள் மழையிலேயே போனது. வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில் மாப்பிள்ளை, "பக்கத்துல பழைய சண்டை விமானமெல்லாம் வச்சிருக்காங்க, போலாமா?" என்றார். சரி, சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அதாவது பார்க்கலாமே என்று கிளம்பினேன்.

சிச்செஸ்டருக்குப் பக்கத்தில் டாங்மியர் என்றொரு சின்ன ஊர். 1940இல் ஜெர்மனியோடு நடந்த வான்போரில் முக்கியமான விமானத் தளம். 1970இல் மூடிவிட்டார்கள். விமானங்கள் ஓடிய இடத்தில் இப்போது கண்ணாடிக் கூடாரங்களில் குடைமிளகாய் விளைகிறது. ஓரத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தை 1982இல் திறந்தவர்கள் தன்னார்வலர்கள். இன்றைக்கும் அவர்கள்தான் நடத்துகிறார்கள்.

1940 ஆகஸ்ட் 16ஆம் தேதி மதியம் இந்தத் தளத்தின் மேல் ஜெர்மனியின் ஸ்டூகா விமானங்கள் குண்டு போட்டன. அன்று பில்லி ஃபிஸ்க் என்ற 29 வயது அமெரிக்கர் தீப்பிடித்த ஹரிக்கேன் விமானத்தோடு இங்கேயே வந்து இறங்கினார். பாராசூட்டில் குதித்திருக்கலாம், குதிக்கவில்லை. குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு முறை தங்கம் வென்றவர், மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பக்கத்து பாக்ஸ்குரோவ் தேவாலயத்தில் கல்லறை, லண்டன் செயின்ட் பால்ஸில் நினைவுப் பலகை. எல்லாம் அவருக்குத் தகும். ஆனால் எரிகிற விமானத்திலிருந்து அவரை இழுத்து வெளியே போட்டவர்கள் இரண்டு மருத்துவ உதவியாளர்கள். அவர்கள் பெயர் எனக்கு மனதில் நிற்கவில்லை, ஃபிஸ்க் பெயர் நின்றுவிட்டது. நினைவுச் சின்னங்கள் நம்மை அப்படித்தான் பழக்கி வைத்திருக்கின்றன.

அங்கே ஒரு பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றால் புரியுமோ புரியாதோ என்று மெட்ராஸ் என்றேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, 264!"

எனக்கு விளங்கவில்லை. அப்புறம் அவரே விளக்கினார். ராயல் விமானப் படையில் 79, 234, 264 என்று மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு, அதாவது விமானப் பிரிவுகளுக்கு, 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்றே பெயர். நம் மாகாணத்தில் திரட்டிய போர் நிதிக்கு மரியாதையாம். 264இல் இருந்தவை டிஃபையன்ட் விமானங்கள். விமானிக்கு முன்பக்கம் சுடத் துப்பாக்கியே கிடையாது. நான்கு துப்பாக்கிகளும் பின்னால் ஒரு சுழலும் கூண்டில், அதற்குள் ஒரு ஆள். விமானம் அடிபட்டால் அந்தக் கூண்டிலிருந்து வெளியே வருவது பெரும்பாடு. ஆகஸ்ட் கடைசியில் சில நாட்களுக்குள் தளபதி உட்படப் பலரை அந்த ஸ்குவாட்ரன் இழந்தது. பிறகு இரவுச் சண்டைக்கு மாற்றிவிட்டார்கள்.

வயதில் பாதியை மெட்ராஸில் கழித்தவன் நான். இதைத் தெரிந்துகொள்ள டாங்மியர் இருக்கும் சசெக்ஸ் வரை போக வேண்டியிருந்தது.

அன்று பிரிட்டனில் ஒரு ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்துக்கு 5,000 பவுண்டு என்று விலை சொல்லி வசூல் செய்தார்கள். நம் மாகாணத்தில் யார் கொடுத்த பணம் அது? ஜமீன்தார்கள், வியாபாரிகள் மனமுவந்து கொடுத்திருக்கலாம். மணியக்காரர் வந்து திண்ணையில் உட்கார்ந்தால் இல்லை என்று சொல்ல முடியாத குடியானவர் கொடுத்ததை என்னவென்று சொல்வது? அதே 1940 கடைசியில்தான் யுத்தத்துக்கு ஆளும் பணமும் தருவது தவறு என்ற தனிநபர் சத்தியாகிரகத்தில் ராஜாஜி உட்படப் பலர் ஜெயிலுக்குப் போனார்கள். கொடுத்தவர், கொடுக்க மறுத்து உள்ளே போனவர் எல்லோரையும் சேர்த்துத்தான் அந்த விமானங்களுக்கு 'மெட்ராஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

டாங்மியர்க்காரர்கள் தங்கள் ஊர்க் கதையை ஒழுங்காகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஊர்த் தேவாலயத்தில் ஜெர்மன் விமானிகளைக்கூட நம்மவர் என்பதுபோல் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வசூல் கதைக்கு ஒரு பலகை வைப்பதென்றால் அது சென்னையில்தான் வைக்க வேண்டும். நான் பார்த்தவரை அப்படி ஒன்று இல்லை.

எங்கள் தாத்தா யுத்த நிதிக்குப் பத்து ரூபாய் அழுதார் என்று பாட்டி அடிக்கடி சொல்லும். அன்று இரவே அம்மாவுக்கு போன் போட்டு, அதற்கு ரசீது ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டேன்.

"டிரங்குப் பெட்டியோட கறையான் தின்னாச்சுடா" என்றாள். "இப்ப எதுக்கு, திருப்பித் தராங்களா?"