பகடையை விற்றால் கால் எலும்பு ஒட்டிவிடுமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு பகடை ஆடுகிற, கூடப்பிறக்காத தம்பி ஒருவன் விழுந்து கால் உடைந்தது. அவன் ஆபரேஷன் செலவுக்கு ஊரில் நன்கொடை கேட்டோம். அதைக் கிண்டல் செய்து வந்த அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இந்நேரம் மலேசியாவின் எங்கள் சுங்கை சிப்புட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். மேசை நிறைய வண்ணப் பகடைகள், நடுவில் ஒரு டிராகன் பொம்மை, பக்கத்தில் தம்பி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மேலே சிவப்பு எழுத்தில், “பொம்மை வாங்கக் காசு இருக்கு, ஆபரேஷனுக்கு மட்டும் ஊர் கொடுக்கணுமா?”

சிரிப்பு முகம் போட்டவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் மட்டும் பதினேழு பேர். அதில் இரண்டு பேர் என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள்.

அந்த மேசை என் வீட்டு மேசை. டிராகன் என்னுடையது. படத்தை எடுத்ததும் நான்தான், போன தீபாவளி லீவில். அதனால் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தம்பியின் தொடை எலும்புக்குள் வைத்த கம்பிக்கும் திருகாணிகளுக்கும் 4,800 வெள்ளி (ரிங்கிட்). மூன்று வருடத்தில் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இந்தக் கதை ஆட்டத்துக்காக அவன் செலவு செய்தது என்னவென்று அவனையே கேட்டு எழுதி வைத்தேன். ஏழு பகடை உள்ள செட் ஒன்று 12 வெள்ளி, இன்னொன்று 15 வெள்ளி, பெயிண்டும் தூரிகையும் 38 வெள்ளி, அப்புறம் நோட்டு, பென்சில், ஞாயிற்றுக்கிழமை பிசாங் கோரேங்குக்கு அவன் பங்கு. எல்லாம் சேர்த்தாலும் 250 வெள்ளியைத் தாண்டவில்லை. அந்த மூன்று வருடமும் அவன் ஒரு பகடையைக்கூடத் தொடாமல், சிரிக்காமல், வேலை விட்டால் வீடு என்று கிடந்திருந்தாலும் 4,550 வெள்ளி பற்றாமல் போயிருக்கும். அப்போதும் அவன் உங்களிடம்தான் வந்து நின்றிருப்பான்.

“அரசாங்க ஆஸ்பத்திரிதானே, எல்லாம் சும்மாதானே” என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான், எனக்கும் முன்பு தெரியாது. கிளினிக்குக்குப் போனால் 1 வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் நாளுக்கு 3 வெள்ளி. குடிமக்களுக்கு அதுதான் கட்டணம், அது எவ்வளவு பெரிய வரம் என்று எனக்குத் தெரியும். தம்பியைப் பார்த்த டாக்டர்களும் நர்சுகளும் குறை சொல்ல முடியாதவர்கள். ஆனால் உடைந்த எலும்பைப் பிடித்து நிறுத்த உள்ளே வைக்கிற கம்பி, தகடு, திருகாணி இருக்கிறதே, அதைப் பல நேரம் நோயாளிதான் வெளியே வாங்க வேண்டும். விற்பனையாளரின் விலைப் பட்டியலை அவன் அம்மா கையில் பார்த்தேன். ஒற்றைத் தாள். நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்து, மடிப்பில் எழுத்தே அழிந்துபோயிருந்தது. ஒவ்வொரு திருகாணிக்கும் தனித்தனி விலை. அந்த அம்மா விரலை வைத்து வைத்து எண்ணிக்கொண்டிருந்தார், எங்காவது ஒன்று குறைத்துக்கொள்ள முடியுமா என்று.

சரி, சம்பளம். அவன் மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறான். குறைந்தபட்ச சம்பளம், 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. கே.டபிள்யூ.எஸ்.பி. என்ற தொழிலாளர் சேமநிதிக்கு 11 விழுக்காடு போனால் கையில் 1,500 சொச்சம். 4,800 என்றால் மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேலே, ஒரு வாய் சோறு தின்னாமல், வீட்டுக்கு ஒரு காசு கொடுக்காமல். “மூன்றாம் கணக்கில் எடுக்க வேண்டியதுதானே” என்றார் இன்னொருவர். எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய அந்தச் சேமநிதிக் கணக்கு 2024 மே மாதம் வந்ததிலிருந்து சேமநிதிச் சந்தாவில் 10 விழுக்காடுதான் அதில் விழுகிறது. 1,700 வெள்ளி சம்பளத்துக்கு, முதலாளி பங்கும் சேர்த்து, மாதம் 40 வெள்ளி சொச்சம். அதையும் தங்கச்சியின் பள்ளி திறப்புக்கு எடுத்துவிட்டான். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலை விபத்துத் திட்டம் பார்ப்பது வேலையிடத்தையும் வேலைக்குப் போய்வரும் வழியையும். அவன் விழுந்தது ஞாயிற்றுக்கிழமை இரவு, என் வீட்டிலிருந்து திரும்பும்போது. இதற்கு அப்புறம் வருகிறேன்.

மெடிக்கல் கார்டு ஏன் எடுக்கவில்லை என்பவர்களுக்கு: உங்கள் கார்டுக்கு இப்போது எவ்வளவு கட்டுகிறீர்கள்? 2021க்கும் 2023க்கும் இடையில் மருத்துவக் காப்புறுதிக் கோரல்களின் செலவு மொத்தம் 56 விழுக்காடு ஏறியதாக நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவே சொன்னது. காப்புறுதிக் கட்டண உயர்வை ஒரேயடியாகப் போடாமல் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பிரித்துப் போடுங்கள் என்று 2024 டிசம்பரில் நிறுவனங்களிடம் சொல்ல வேண்டிய நிலைமை வந்தது. நான் செம்பனை ஆலை ஆபீசில் கிராணி, என் கணவருக்கும் வேலை இருக்கிறது. நாங்களே மாமியாருடைய கார்டைப் போன வருடம் விட்டுவிட்டோம். 23 வயதுப் பையனிடம் போய்க் கேட்கிறீர்கள்.

ஆட்டத்துக்கு வருகிறேன். அதைப் பற்றித் தெரியாமலேயே எல்லாரும் பேசுகிறீர்கள்.

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ல் அமெரிக்காவில் வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. இந்த கைகாக்ஸ் யார் தெரியுமா? காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1970ல் வேலை போய், வீட்டிலேயே செருப்பும் சப்பாத்தும் பழுது பார்த்துப் பிழைத்தவர். முதலில் அச்சடித்தது 1,000 பெட்டிகள்தான். வேலை போன மனிதன் வீட்டுக்குள் உட்கார்ந்து கட்டிய உலகம் அது. பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்கிறீர்களே, தொடங்கிய இடம் இதுதான்.

விளையாட ஒரு வெள்ளிகூடத் தேவையில்லை. 2023 ஜனவரியில் உரிம விஷயத்தில் ரசிகர்கள் பெரிய எதிர்ப்புக் காட்டிய பிறகு, ஆட்டத்தை வெளியிடுகிற விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டது. நான் அதைத்தான் டவுன் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறேன். ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுப்பார்கள். பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும், இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும், விழுகிற எண்ணைப் பார்த்துக் கதை திரும்பும். அவ்வளவுதான். என் பாட்டி லயத்து வாசலில் புளியங்கொட்டை உருட்டித் தாயம் ஆடினார். தோட்டத்துத் திருவிழாவில் என் அப்பா மீசை ஒட்டிக்கொண்டு ராஜா வேஷம் கட்டினார். இரண்டையும் சேர்த்தால் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடுவது.

தம்பி எடுத்திருக்கிற பாத்திரம் எது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? சண்டைக்காரன் இல்லை, மந்திரவாதி இல்லை. காயத்துக்கு வைத்தியம் பார்க்கிற பூசாரி. அவனுக்குத் தம்பி வைத்த பெயர் ‘டிரெஸ்ஸர்’. அவன் தாத்தா சொன்ன கதைகளில் வருகிற பழைய தோட்டத்து டிரெஸ்ஸர், அதாவது தோட்ட மருத்துவ உதவியாளர்தான் அது. தகரப் பெட்டி, ஊதா மருந்து, பஞ்சு, எந்த நேரம் கதவைத் தட்டினாலும் எழுந்து வருகிற மனிதர். நாங்கள் ஆடுகிற விதிப் புத்தகத்தில் ஒரு குப்பி குணமாக்கும் மருந்தின் விலை 50 பொற்காசு. செத்தவரை எழுப்ப வேண்டுமானால் 500 பொற்காசு பெறுமான வைரம் வேண்டும். தம்பியின் டிரெஸ்ஸர் மூன்று வருடத்தில் ஒரு கிராமத்தானிடமும் காசு வாங்கியதில்லை. “கணக்குல எழுதிக்குங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்பான். அந்தக் கணக்கு நோட்டை நிஜமாகவே எழுதி வைத்திருக்கிறான், ஊர் பெயர், ஆள் பெயரோடு. இந்தப் பையனைத்தான் கையேந்துகிறான் என்று எழுதினீர்கள்.

என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

எனக்கு எட்டு வயது. அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது, தவணையில் வாங்கியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் இருட்டிலும், சாயங்காலம் குளித்துவிட்டு வந்தும் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று டவுனுக்குக் கொண்டு போக வேண்டி வந்தபோது அப்பா முன்பணம் கேட்டு ஆபீசுக்குப் போனார். நானும் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ரேடியோ கேக்கக் காசு இருக்கில்ல?” என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரியே ரேடியோவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் 40 வெள்ளிக்கு விற்றுவிட்டு வந்தார். அம்மாவின் செலவுக்கு அது எந்த மூலைக்கு? மிச்சத்தை வட்டிக்குத்தான் வாங்கினார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் சாயங்காலத்தில் அப்பா அந்த மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பார். ரேடியோ இருந்த பலகை காலியாக இருக்கும்.

அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கேட்டது அந்தக் குரல்தான். அன்றைக்குச் சொன்னவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். இன்றைக்குச் சொல்கிறவர்கள் யார்? நம் லயத்துப் பிள்ளைகள்தானே? 2008லும் 2013லும் மைக்கல் ஜெயக்குமார் என்ற நுரையீரல் மருத்துவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இது. ஏழை நோயாளியின் கஷ்டம் இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“நாங்கள் கஷ்டப்பட்டு உழைத்த காசு, எதற்குக் கொடுக்கிறோம் என்று கேட்கக் கூடாதா?” தாராளமாகக் கேளுங்கள். விலைப் பட்டியலைக் கேளுங்கள், காட்டினோம். டாக்டர் கடிதத்தைக் கேளுங்கள், காட்டினோம். வங்கிக் கணக்கு விவரம் கேட்டீர்கள், அதையும் போட்டோம். ஆனால் நோயாளி போன வருடம் எதற்குச் சிரித்தான் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. நாலு நம்பர் லாட்டரி எடுக்கிற பெரியவருக்கு மாரடைப்பு வந்தால், நம்பர் எடுத்த சீட்டையெல்லாம் கொண்டு வா என்றா கேட்கிறோம்? ஜெர்சி வாங்குகிற பையன் விழுந்தால்? வருடா வருடம் உறுமி மேளத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோமே, அந்தக் குழுவில் ஒருவனுக்குச் சிறுநீரகம் போனால் கொடுக்க மாட்டோமா? கொடுப்போம், கொடுத்திருக்கிறோம், நானும் கொடுத்தேன். தெரிந்த சந்தோஷம் என்றால் மன்னிப்பு, தெரியாத சந்தோஷம் என்றால் குற்றமா?

பேய் பிசாசு ஆட்டம் என்று எழுதியவருக்கு ஒரு வரிதான். 1980களில் அமெரிக்காவிலும் இதையே சொல்லிப் பயமுறுத்தினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

கடைசியாக ஒன்று இருக்கிறது. “ராத்திரி பதினொன்றரை வரைக்கும் ஆட்டம் ஆடாமல் இருந்திருந்தால் விழுந்திருப்பானா?” இதை நான்கு பேர் கேட்டார்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. பத்து மணிக்கே முடித்திருக்கலாம். கதை முக்கியமான இடத்தில் இருந்தது, நான்தான் இன்னும் ஒரு சுற்று என்றேன். செம்பனைத் தோட்டத்து ஓரத்து ரோட்டில் விளக்கு இல்லை, நாய் குறுக்கே வந்தது. ஹெல்மெட் போட்டிருந்தான், குடிக்கவில்லை, வேகமாகப் போகவில்லை. இருந்தாலும் அந்த ஒரு சுற்றை நான் தினமும் நினைக்கிறேன். நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை.

ஆனால் அது என் மேல் போட வேண்டிய பழி. அவன் காலின் மேல் ஏன் போடுகிறீர்கள்? நாய் குறுக்கே வந்தது, எலும்பு உடைந்தது, கம்பிக்கு 4,800 வெள்ளி. இதில் பகடை எங்கே வருகிறது?

அன்றிரவு அவசரப் பிரிவுக்கு வெளியே நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். எங்களில் சின்னவன் ஒரு வார்த்தை பேசவில்லை. விடியற்காலை அவன் கையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருபது முகப் பகடை. எத்தனை மணி நேரம் அழுத்திப் பிடித்திருந்தானோ, உள்ளங்கையில் முக்கோணம் முக்கோணமாகப் பதிந்திருந்தது. எங்கள் ஆட்டத்தில் எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் இழந்த உயிர்ப்புள்ளி முழுவதும் திரும்பி வந்துவிடும். தம்பி இன்னும் ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. கடைக்காரர் அதுவரை வேலையை வைத்திருப்பாரா என்று தெரியவில்லை.

உங்கள் படம் அவன் அம்மாவின் கைப்பேசிக்கும் போனது. நேற்றுக் காலை எனக்கு அழைத்தார். “போதும்மா, நிப்பாட்டிரு. எங்களால அசிங்கப்பட முடியல” என்றார். சாயங்காலம் போனேன். தம்பி கட்டிலுக்கு அடியிலிருந்து பகடைப் பையை எடுத்துத் தரச் சொன்னான். அவன் தங்கச்சி தைத்துக் கொடுத்த பை, பள்ளிச் சீருடையின் மிச்சத் துணி. “அக்கா, இத யாருக்காச்சும் வித்துருங்க. ஒரு இருவது வெள்ளியாவது வரும்ல” என்றான்.

துணியில் சுற்றிய ரேடியோ. என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

நன்கொடைப் பதிவை நேற்றிரவே எடுத்துவிட்டேன். கொடுத்தவர்கள் எல்லாருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லியிருக்கிறேன், விட்டுப்போயிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். குறைவது 1,150 வெள்ளி, அதை நாங்கள் நாலு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். இனி இந்த ஊரில் யாரிடமும் கேட்கப் போவதில்லை.

பை என்னிடம்தான் இருக்கிறது. விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவன் வீட்டு வரவேற்பறையில் ஆடுகிறோம், கட்டிலை அங்கே நகர்த்திவிட்டோம். போன முறை டிரெஸ்ஸர் ஆற்றங்கரையில் ஒரு கிழவிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான், அங்கேதான் நிறுத்தினேன்.