மறுநாள் பஃபலோவில்

அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் நெருங்கினால் போதும், மறக்க முடியாத தருணங்களின் பட்டியல் ஒன்று சுற்றத் தொடங்கிவிடும். 2008இல் டேவிட் டைரி பந்தைத் தன் தலைக்கவசத்தோடு அழுத்திப் பிடித்தது அதில் கட்டாயம் உண்டு. 2015இல் கோல் கோட்டில் சியாட்டில் அணி எறிந்த பந்தை மால்கம் பட்லர் பறித்ததும் உண்டு. (தேவைப்பட்டது ஒரே ஒரு கஜம். பந்தோடு முட்டி ஓட மார்ஷான் லிஞ்ச் போன்ற ஒரு முரட்டுக்காளையை வைத்துக்கொண்டு சியாட்டில் அணி எதற்காகப் பந்தை எறிந்தது? எனக்கு இன்னும் ஆறவில்லை.) இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. 1991ஆம் ஆண்டு ஆட்டத்தைக் காட்டும் விதத்தில்தான் கோபம்.

ஜனவரி 27, டாம்பா நகரம். நியூயார்க் ஜயன்ட்ஸ் 20, பஃபலோ பில்ஸ் 19. எட்டு விநாடிகளே பாக்கி. பஃபலோவின் உதைப்பாளர் ஸ்காட் நார்வுட் 47 கஜத்திலிருந்து உதைக்கிறார். பந்து இரு கம்பங்களுக்கு நடுவே போனால் பஃபலோவுக்கு வெற்றி. தூரத்துக்குக் குறைவில்லை, பந்து வலது கம்பத்துக்கு வெளியே போய்விடுகிறது. வர்ணனையாளர் சொன்ன 'வைட் ரைட்' அந்த மனிதரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தொலைக்காட்சி அத்தோடு காட்சியை வெட்டிவிடும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதேதான்.

அறுபது நிமிட ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் கையில் பந்து இருந்த நேரம் 40 நிமிடம் 33 விநாடி. மூன்றாம் கால்பகுதியின் தொடக்கத்தில், பந்தை விடாமல் முன்னேறிய ஒரே நகர்வில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் கரைத்தார்கள். அந்த நகர்வின் நடுவில், பந்தைத் தக்கவைக்க 13 கஜம் தேவைப்பட்ட ஒரு கட்டம் வந்தது. ஜயன்ட்ஸின் மார்க் இங்ராம் ஒரு குட்டைப் பாஸை வாங்கி, மடக்க வந்த பஃபலோ வீரர்களை ஒருவர்பின் ஒருவராக உதறிவிட்டு 14 கஜம் சேர்த்தார். நகர்வு, பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் டச்டவுனில் முடிந்தது. அன்று அவரை மடக்காமல் கோட்டைவிட்டவர்களின் பெயர் உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது. கூட்டத்தில் தவறியவனுக்குக் கூட்டமே மறைவு. உதைப்பவனுக்கு அந்த மறைவு கிடையாது. மூன்று மணி நேரம் ஓரத்தில் நின்றுவிட்டு, இரண்டு விநாடி வேலைக்குத் தனியாக உள்ளே போகிறவன் அவன். அதுவும் புல்தரையில் 47 கஜம். பஃபலோவின் சொந்த மைதானமோ செயற்கைத் தரை. அந்தக் காலத்தில் அதை எளிய உதை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் பட்டியலில் முதலிடம் மறுநாளுக்குத்தான். தோற்றுத் திரும்பிய அணியை வரவேற்க, ஜனவரிக் குளிரில் பஃபலோவின் நயாகரா சதுக்கத்தில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். நார்வுட் பின்வரிசையில் ஒதுங்கி நின்றார். "ஸ்காட் வேண்டும், ஸ்காட் வேண்டும்" என்று கூட்டம் முழங்கத் தொடங்கியது. அவர் ஒலிபெருக்கிக்கு வந்தார். குரல் தழுதழுத்தது. இவ்வளவு அன்பை இதுவரை உணர்ந்ததில்லை என்ற பொருளில் ஏதோ பேசினார். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிடும்.

தோற்றவனை ஊர் இப்படி ஏந்திக்கொண்டதை விளையாட்டில் நான் அதிகம் பார்த்ததில்லை. வீட்டின் மீது கல் எறிந்த கதைகள்தான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

நார்வுட் அடுத்த பருவமும் பஃபலோவுக்கே ஆடினார். 1992 ஜனவரியில், சூப்பர் பௌலுக்குப் போவது யார் என்று தீர்மானிக்கும் ஆட்டத்தில் டென்வர் அணி எதிரே நின்றது. டென்வரின் உதைப்பாளர் அன்று மூன்று முறை குறிதவறினார். நார்வுட் 44 கஜத்திலிருந்து ஒன்றை உள்ளே அனுப்பினார். ஆட்டம் முடிந்தபோது பஃபலோ 10, டென்வர் 7.

இப்படி உதைத்து அடிக்கும் ஒரு ஃபீல்டு கோலுக்கு மூன்று புள்ளி. அந்த உதையை நான் பார்த்த எந்தத் தொகுப்பிலும் சேர்த்திருக்கவில்லை.