டி.டி.எஸ். மீட்டரில் தெரியாத மாசு

குடிநீரில் ஹார்மோன்களைக் குலைக்கும் வேதிப்பொருள்கள் கலந்திருப்பதாக ஒரு செய்தி வந்துவிட்டால், உடனே எந்த ஃபில்டர் வாங்கலாம் என்ற பேச்சுதான் எழுகிறது. அந்த அச்சத்தை வெறும் புரளி என்று நான் ஒதுக்கமாட்டேன். ஆனால், தண்ணீரில் எந்தப் பொருள் இருக்கிறது என்று அறியாமல் கருவியைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் மன அமைதியை மட்டுமே விலைக்கு வாங்குகிறார் என்பது என் கருத்து.

ஹார்மோன்கள் உடலில் மிக நுண்ணிய அளவிலேயே வேலை செய்கின்றன; ஆகவே அவற்றைப் போல நடிக்கும் பொருளும், அவற்றின் வழியை மறிக்கும் பொருளும் நுண்ணிய அளவிலேயே தொல்லை தர முடியும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஓர் ஏரியில், 2001 முதல் மூன்று கோடைகள், கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனை லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் அளவில் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்குரிய புரதம் உருவானது. ஃபேட்ஹெட் மின்னோ என்னும் சிறுமீன் அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றே போனது. இருபத்துநான்கு மணி நேரமும் நீரிலேயே வாழும் மீனுக்கு நேர்ந்ததைச் சுத்திகரித்த நீரைக் குடிக்கும் மனிதருக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. (மாத்திரையை மட்டும் குற்றவாளியாக்கும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை, மனிதரும் கால்நடைகளும் இயற்கையாகவே வெளியேற்றும் ஈஸ்ட்ரோஜனின் மொத்த அளவு அதைவிட மிக அதிகம்.)

என்னை அதிகம் கவலைப்பட வைப்பவை எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களான பிஃபாஸ் வகைப் பொருள்களும், அயோடின் தைராய்டுக்குள் நுழைவதைத் தடுக்கும் பெர்குளோரேட்டும், அட்ரசின் போன்ற களைக்கொல்லிகளும்தான். பிஃபாஸ் வகையைச் சேர்ந்த இரண்டு பொருள்களுக்கு அமெரிக்கா 2024இல் விதித்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். அதே அமெரிக்கா குடிநீரில் அட்ரசினை லிட்டருக்கு 3 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது; ஐரோப்பிய ஒன்றியமோ எந்தத் தனிப் பூச்சிக்கொல்லிக்கும் களைக்கொல்லிக்கும் பொதுவாக 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இடம் தருவதில்லை. ஒரே பொருளுக்கு முப்பது மடங்கு வேறுபாடு இருக்கும்போது, வரம்புகளை ஆய்வுக்கூடம் மட்டுமே தீர்மானிக்கிறது என்று நம்புவது கடினம். பிளாஸ்டிக்கிலும் உணவு டப்பாக்களின் உட்பூச்சிலும் பயன்படும் பிஸ்பினால் ஏ பெரும்பாலோருக்கு உணவு வழியாகவே அதிகம் வந்து சேர்கிறது. டப்பா உணவைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் வடிகட்டுவதால் அதில் பெரிய பயன் இல்லை.

விற்பனையாளர் டி.டி.எஸ். மீட்டரை நீரில் நனைத்து, குறைந்த எண்ணைக் காட்டித் தூய்மைக்குச் சான்று சொல்வது வழக்கம். அந்தக் கருவி அளப்பது நீரின் மின்கடத்தும் திறனை. காட்டுவது கரைந்த உப்புகளின் மில்லிகிராம் கணக்கை. ஒரு மில்லிகிராம் என்பது பத்து லட்சம் நானோகிராம். பிஸ்பினால் ஏ, ஈஸ்ட்ரோஜன் போன்றவை சாதாரண நீரில் மின்னூட்டமே பெறாதவை என்பதால், அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த எண் அசையாது. யு.வி. விளக்கு கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும். வீட்டுக் கருவியிலுள்ள அளவில் இந்த வேதிப்பொருள்களை அது அகற்றுவதில்லை. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகும், ஆவியாகாத மாசு சற்றே அடர்த்தியாகும்.

ஆக்டிவேட்டட் கார்பன் என்னும் நுண்துளைக் கரி ஈஸ்ட்ரோஜன், பிஸ்பினால் ஏ, அட்ரசின் ஆகியவற்றை நன்றாகவே பிடித்துக்கொள்கிறது; நீண்ட சங்கிலி கொண்ட பிஃபாஸ் பொருள்களையும் பிடிக்கும், குறுஞ்சங்கிலி கொண்டவை சீக்கிரம் தப்பிவிடும், பெர்குளோரேட்டை அது பெரும்பாலும் விட்டுவிடும். டியூக் பல்கலைக்கழகமும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், வீடுகளில் பயன்பாட்டிலிருந்த, நீரை நுண்சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. கருவிகள் பிஃபாஸை 94 விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தன. கார்பன் ஃபில்டர்கள் சராசரியாக 73 விழுக்காடு குறைத்தாலும் கருவிக்குக் கருவி பெருத்த வேறுபாடு இருந்தது. கார்பன் நிறைந்துபோன பிறகும் தண்ணீரின் சுவை மாறாமலே இருக்கலாம் என்பதால், நாக்கை நம்பிக் கார்ட்ரிட்ஜ் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. பெட்டியில் அமெரிக்கத் தரச்சான்று அமைப்பான என்.எஸ்.எஃப்.பின் எண் 42 மட்டும் இருந்தால் அது குளோரின், சுவை, மணம் ஆகியவற்றுக்கான சான்று. 53, 58, 401 என்ற எண்கள் இருந்தாலும், எந்தப் பொருளுக்காகச் சோதிக்கப்பட்டது என்ற பட்டியலைப் படிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஆர்.ஓ. பெர்குளோரேட்டையும் தடுக்கும், மின்னூட்டமற்ற சில சிறு மூலக்கூறுகள் மட்டும் சவ்வைக் கடந்துவிடும், அதனால்தான் கூடவே கார்பனும் வைக்கிறார்கள். ஆனால் ஆர்.ஓ. பிஃபாஸை அழிப்பதில்லை. கழிவுநீரோடு சாக்கடைக்கு அனுப்புகிறது, அங்கிருந்து அது ஆற்றுக்கே திரும்பக்கூடும். எனவே மாசை வெளியேற்றிய ஆலையின் செலவில், நீர் வழங்கும் அமைப்பே பெரிய கார்பன் படுகைகளை அமைக்க வேண்டும் என்பேன். அங்கே தீர்ந்த கார்பனை உயர் வெப்பத்தில் சூடாக்கி மறுபடியும் பயன்படுத்தலாம். ஃபில்டர் வாங்க இயலாத வீட்டுக் குழாயிலும் அதே நீர் வரும்.