அட்டையிலிருந்து வந்த டாக்டர் இல்லை

சுவீடிஷில் மருத்துவரைக் குறிக்கும் ‘லேக்கரே’, இரத்தம் உறிஞ்சும் அட்டையின் பெயரிலிருந்து வந்தது, அந்தக் காலத்து வைத்தியர்கள் அட்டை விட்டதால்தான் இந்தப் பெயர் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். சுவையான கதைதான், ஆனால் சரியில்லை.

சுவீடிஷில் ‘லேக்கா’ என்றால் குணமாக்குவது, ஆறுவது. காயம் ஆறுகிறது என்பதற்கு சுவீடிஷில் இன்றும் ‘சோரெட் லேக்கெர்’ என்றுதான் சொல்கிறார்கள். அதோடு ‘-அரே’ என்ற, தொழில் செய்பவரைக் குறிக்கும் விகுதி சேர்ந்தால் ‘லேக்கரே’, குணமாக்குபவர். ரொட்டி சுடுபவர் ‘பாகரே’ ஆவதும் இதே வழியில்தான்.

அட்டைக்கு சுவீடிஷில் பெயரே வேறு: ‘ஈகெல்’. குழப்பம் ஆங்கிலத்திலிருந்து வருகிறது. பழைய ஆங்கிலத்தில் மருத்துவருக்கும் அட்டைக்கும் ஏறக்குறைய ஒரே சொல் இருந்தது. அதன் எச்சம்தான் அட்டையைக் குறிக்கும் இன்றைய ஆங்கில ‘லீச்’. ஆங்கிலத்தில் நடந்ததை அப்படியே சுவீடிஷ் தலையில் கட்ட முடியாது.

சொல்லின் வயதையும் பாருங்கள். 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர், இன்று வழக்கொழிந்த ஜெர்மானிய மொழியான கோதிக்கில் மொழிபெயர்த்த விவிலியத்தில், ‘வைத்தியனே, உன்னையே குணமாக்கிக்கொள்’ என்ற லூக்கா 4:23 வசனத்தில் இதன் உறவுச்சொல்தான் நிற்கிறது. மருத்துவரைக் குறிக்கும் டேனிஷ் ‘லேயெ’யும் இதே குடும்பம். ஃபின்னிஷ் ‘லேக்கேரி’ சுவீடிஷிலிருந்து போன கடன்.

அப்புறம், மருத்துவரைக் குறிக்கும் ஜெர்மன் ‘ஆர்ட்ஸ்ட்’டையும் இதோடு சேர்த்துவிட்டீர்கள். அது வந்தது கிரேக்க ‘ஆர்க்கியாட்ரோஸ்’, அதாவது தலைமை மருத்துவர் என்ற சொல்லிலிருந்து. அந்தக் கிரேக்கச் சொல் சுவீடனில் பட்டமாகவே இருந்தது. தாவரவியலாளர் லின்னேயசுக்கு 1747இல் ‘ஆர்க்கியாட்டர்’ பட்டம் கிடைத்தது.