முயலை மல்லாக்கப் போடாதீர்கள்

கொஞ்ச நாளாக என் டைம்லைனில் ஒரே மாதிரி ரீல்ஸ் வந்துகொண்டே இருக்கிறது. முயலைத் தூக்கி மடியில் மல்லாக்கப் போடுகிறார்கள், நெற்றியையும் வயிற்றையும் தடவுகிறார்கள், அது கால்களைத் தளர விட்டு அசையாமல் கிடக்கிறது, உடனே நகம் வெட்டுகிறார்கள், வாயில் மருந்து விடுகிறார்கள், கண்ணில் சொட்டு விடுகிறார்கள். "பாருங்க, எப்படிச் சொக்கிப்போய் தூங்குது" என்று பின்னால் ஒரு குரல். கீழே வரிசையாக இதயங்கள், "சூப்பர் டிப்ஸ் அக்கா" என்று பாராட்டு. வீட்டில் முயல் வளர்க்கிற எனக்கு அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அந்த முயல் தூங்கவில்லை. பயத்தில் உறைந்துபோய்க் கிடக்கிறது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல மனதோடு செய்கிறவர்கள்தான் அதிகம், முயல்மேல் பாசம் இல்லாமல் யாரும் உட்கார்ந்து மருந்து கொடுக்கப்போவதில்லை. முயல் இரையாகிற பிராணி. நாயோ நரியோ கவ்விவிட்டால், ஓட வழியே இல்லை என்கிற கடைசி நிலையில் அதன் உடம்பு தானாகவே அசைவற்றுப் போய்விடும். செத்துவிட்டது என்று நினைத்துப் பிடி தளர்ந்தால் ஒரே துள்ளலில் தப்பிக்கலாம், அதற்காகத்தான் அது. மல்லாக்கப் போடும்போது நடப்பது இதேதான். கோழியிடமும் இது உண்டு. 1646-லேயே அதானசியஸ் கிர்ச்சர் என்ற ஜெர்மானியப் பாதிரியார், கோழியைத் தரையில் அழுத்திப் பிடித்து அலகுக்கு முன்னால் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தால் விட்ட பிறகும் அப்படியே கிடக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார். அப்போது அதை ஏதோ அதிசயமாகப் பார்த்தார்கள், இப்போதும் ரீல்ஸில் அப்படித்தான் பார்க்கிறோம்.

முயலிடம் இது நிம்மதியா பயமா என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மெக்பிரைடும் அவருடன் இருந்தவர்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. மல்லாக்கப் போட்ட முயல்களுக்கு இதயத் துடிப்பு கூடியது, மூச்சு வேகமானது, ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் ஏறியது. தூங்குகிற பிராணிக்கு இதில் எதுவும் நடக்காது. அதோடு, அந்த நிலையில் அதற்கு வலி தெரியாமல் போவதில்லை, வலிக்கும், ஆனால் கத்தவோ காலை இழுக்கவோ முடியாது. அதை நினைத்துப் பாருங்கள்.

"எங்க முயலை எப்பவும் அப்படித்தான் பண்றோம், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்வீர்கள். சரி. ஆனால் அந்த உறைநிலை எந்த நொடி கலையும் என்று யாருக்கும் தெரியாது. கலையும்போது மெதுவாக எழுந்திருக்காது, ஒரே உதை. முயலின் பின்னங்கால் தசை அவ்வளவு பலம், எலும்போ அவ்வளவு லேசு. பூனையின் எடையில் 12, 13 சதவீதம் எலும்பு என்றால் முயலுக்கு 7, 8 சதவீதம்தான். இடுப்பைச் சரியாகத் தாங்கிப் பிடிக்காதபோது காற்றில் ஓங்கி உதைத்தால் தன் உதையிலேயே இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு முறிந்துவிடும். பின்னங்கால் இரண்டும் செயலிழந்த முயல்கள் பல, மேலிருந்து விழுந்தவை அல்ல, யாரோ பிடித்திருக்கும்போது உதறியவை. மல்லாந்து கிடக்கிற வாயில் மருந்தை ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகிற ஆபத்து வேறு.

சந்தையிலும் சில கடைகளிலும் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறார்களே, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காது கைப்பிடி இல்லை. யார் அப்படித் தூக்கினாலும் அங்கேயே தடுத்துச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் எப்படித்தான் பிடிப்பது? ஒரு துண்டு போதும்.

எங்கள் வீட்டு முயல் மல்லிக்குப் போன தீபாவளி வெடிச் சத்தத்தில் வயிறு நின்றுபோனது. முயல் வளர்க்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும், பயந்தாலோ வலித்தாலோ அது சாப்பிடுவதை நிறுத்தும், சாப்பிடாவிட்டால் குடல் ஓட்டம் நின்று வாயு சேரும், வாயுவின் வலியில் இன்னும் சாப்பிடாது. வாந்தி எடுத்து வெளியே தள்ளவும் முயலின் உடம்புக்கு முடியாது. மருத்துவர் தோலுக்கடியில் திரவம் ஏற்றி, வலிக்கு ஊசி போட்டு, வீட்டில் வலி மருந்தும் சிரிஞ்சில் உணவும் கொடுக்கச் சொன்னார். அந்த கிளினிக்கிலேயே உதவியாளர் ஒருவர் மல்லியை மல்லாக்கப் போடப் போனார். "வேண்டாங்க, துண்டு கொண்டு வந்திருக்கேன், நான் சுத்தித் தரேன்" என்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரிம்மா, நீங்களே பிடிச்சுக்கோங்க, அதுவும் உங்க வாசனையில நிக்கும்" என்றார். கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் ஒத்துக்கொள்வார்கள், நாம்தான் தயங்கிக்கொண்டு நிற்கிறோம்.

வீட்டில் நாங்கள் செய்தது இதுதான். மேசைமேல் வேண்டாம், தரையில் செய்யுங்கள், குதித்தாலும் விழ உயரம் இருக்காது. ஆனால் டைல்ஸ் தரை வழுக்கும், கால் பிடிமானம் இல்லாத முயல் முதல் நொடியிலேயே பதறிவிடும், அதனால் கீழே பாயோ ரப்பர் மேட்டோ போட்டு, அதன்மேல் துண்டை விரியுங்கள். குக்கரை ஒரு விசிலுக்கு முன்னாலேயே அணைத்துவிடுங்கள், மிக்ஸி, டிவி எதுவும் வேண்டாம். மருந்து, சிரிஞ்ச், துடைக்கத் துணி எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் முயலைக் கூட்டி வர வேண்டும். அதைச் சுற்றி வைத்துவிட்டு மூடியைத் தேடிக்கொண்டிருந்தால் அதன் பொறுமை அதிலேயே தீர்ந்துவிடும்.

முயல் துண்டின் நடுவில், முகம் முன்பக்க ஓரத்துக்குச் சற்று உள்ளே. நான்கு காலும் உடம்புக்கு அடியில் இயல்பாக மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இடது பக்கத் துணியை முதுகின்மேல் கொண்டுவந்து மறுபக்கம் அடியில் செருகுங்கள், கழுத்துக்குக் கீழே முன்கால்களுக்கு இடைவெளி இல்லாமல். பிறகு வலது பக்கம். கடைசியாகப் பின்பக்கத் துணியைப் புட்டத்தின்மேல் மடித்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னாலேயே நழுவி வெளியே வந்துவிடும், மல்லி அதில் கெட்டிக்காரி. பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியில் சுற்றித் தருவார்களே, அந்த இறுக்கம்தான் கணக்கு. கழுத்தோரம் இரண்டு விரல் நுழைய வேண்டும், மார்பு ஏறி இறங்குவது தெரிய வேண்டும்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன்டி, இப்படிச் சுத்திப் போட்டா அதுக்கு மூச்சு முட்டாதா?" நியாயமான கேள்வி. முயல் இயல்பாக மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிற பிராணி. அதனால் மூக்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மூடக் கூடாது, கண்ணை வேண்டுமானால் உள்ளங்கையால் லேசாக மறைக்கலாம், இருட்டு அதற்கு வளைக்குள் இருக்கிற மாதிரி ஒரு தைரியம். காதும் வெளியே இருக்கட்டும். முயலுக்கு வியர்வையால் உடம்பைக் குளிர்விக்கத் தெரியாது, சூடு பெரும்பாலும் காது வழியாகத்தான் போகிறது. சென்னை வெயிலில் டர்க்கி டவலால் சுற்றிக்கொண்டு உட்காராதீர்கள், ஈரோட்டு ஈரிழைத் துண்டு போதும், மெல்லிசு, ஆனால் வழுக்காது. சித்திரை, வைகாசியில் விடியற்காலையிலோ ஃபேனுக்குக் கீழேயோ, சில நிமிடங்களில் முடித்துவிடுங்கள். தலையை அண்ணாந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நொடியே துண்டை அவிழ்த்துவிட வேண்டும், மருந்து பாதியில் இருந்தாலும் சரி. அது நிதானத்துக்கு வரவில்லை என்றால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தனியாக இருக்கிறவர்கள், மண்டி போட்டு உட்கார்ந்து இரண்டு தொடைகளுக்கும் நடுவில் முயலை வையுங்கள், அதன் முதுகு உங்கள் பக்கம். பின்வாங்கினால் உங்கள் மடிதான் வரும், முன்னால் போகாமல் இடது கை மார்பைத் தாங்கிக்கொள்ளும், வலது கை மருந்துக்கு.

சிரிஞ்ச் நேராக முன்னாலிருந்து வரக் கூடாது. முயலுக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் பின்னால் வருவதுகூடத் தெரியும், ஆனால் மூக்குக்கு நேர் கீழே இருப்பது தெரியாது, திடீரென்று உதட்டில் ஏதோ இடித்தால் பயப்படாமல் என்ன செய்யும்? பக்கத்திலிருந்து கொண்டுவாருங்கள். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல்லே இல்லாத இடைவெளி இருக்கிறது, ஊசி இல்லாத சிரிஞ்சின் முனை அதில் அழகாக உட்காரும். தலையை அண்ணாத்த வேண்டாம். கொஞ்சம் விட்டு, அது மென்று விழுங்குவதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு அடுத்தது. மல்லிக்கு முதலில் தாடையெல்லாம் ஒழுகியது, பெல்லட் தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து நைசாக மசித்து, அதில் துளி வாழைப்பழம் சேர்த்ததும் தானாகவே நாக்கை நீட்டினாள். மருத்துவர் சொன்னால் மட்டும் சிரிஞ்சில் ஊட்டுங்கள், குடல் முழுக்க அடைத்துக்கொண்ட முயலுக்கு உணவைத் திணிப்பது ஆபத்து.

இன்னொன்று, யாரும் பெரிதாகச் சொல்லாதது. வலியில் இருக்கிற முயல்தான் திமிரும். புண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றால் வலி மருந்தை எவ்வளவு நேரம் முன்னால் கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பிடிக்கிற வேலை பாதியாகிவிடும். நம் வீட்டு அலமாரியில் இருக்கிற மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். மனிதர்களுக்குச் சாதாரணமான அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை வாய்வழி கொடுத்தாலே முயலின் குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் அழிந்து உயிருக்கே ஆபத்தாகும். நாய்க்கு அடிக்கிற ஃபிப்ரோனில் உண்ணி ஸ்பிரேயும் முயலுக்கு ஆகாது. காதில் சொறிப்பூச்சி வந்து அடுக்கடுக்காகப் பொருக்கு தட்டியிருந்தால் அதைப் பிய்க்கவே வேண்டாம், அடியில் ரணமாக இருக்கும், உடம்புக்குள்ளே மருந்து போனால் பொருக்கு தானாக உதிரும். அதைப் பிய்ப்பதற்காக முயலைப் பிடித்து அமுக்குகிற வீடியோவும் பார்த்தேன், அந்தச் சித்திரவதைக்குத் தேவையே இல்லை.

அசையாமல் இருப்பது வேறு, நிம்மதியாக இருப்பது வேறு என்று கண்டுபிடிக்க மூக்கைப் பாருங்கள். நிதானமாகத் துடித்துக்கொண்டிருக்கிற மூக்கு, பாதி மூடிய கண், தளர்ந்த காது என்றால் நிம்மதி. கண்ணின் வெள்ளை தெரிகிறது, காது முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது, உடம்பு கட்டையாகிவிட்டது, மூக்கு அடியோடு நின்றுவிட்டது அல்லது படபடவென்று அடிக்கிறது என்றால் பயம். லேசாகப் பல்லை உரசுவது சந்தோஷத்தில், சத்தமாகக் கடிப்பது வலியில்.

இதையெல்லாம் நோய் வந்த பிறகு பழக்குவது கஷ்டம். நன்றாக இருக்கும்போதே துண்டை விரித்து அதன்மேல் கொத்தமல்லி வையுங்கள், வந்து சாப்பிடட்டும். இன்னொரு நாள் துணியை லேசாக முதுகில் போட்டு எடுங்கள். வெறும் சிரிஞ்சின் முனையில் வாழைப்பழம் தடவி நக்க விடுங்கள். ஜோடி முயல் இருந்தால் மருந்து நேரத்தில் அதையும் பக்கத்திலேயே விடுங்கள், பிரித்து வேறு அறையில் அடைத்தால் இரண்டுக்கும் பதற்றம்.

முடிந்ததும் துண்டை அவிழ்த்து அது தானாகப் போகும்வரை விடுங்கள், துரத்திப் பிடித்துக் கொஞ்ச வேண்டாம். அருகம்புல்லோ வேலிமசாலோ கிட்டே வைத்துவிட்டு, சாப்பிடுகிறதா, புழுக்கை போடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். பல் வெட்டுவது, சீழ்க்கட்டியைக் கீறுவது இதெல்லாம் எந்தத் துண்டு சுற்றினாலும் வீட்டு வேலை இல்லை. 12 மணி நேரமாக எதையும் தொடவில்லை, புழுக்கையும் இல்லை என்றால் இன்னொரு வேளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், கூடையில் அதே துண்டை விரித்து, முயலை வைத்து, கிளம்பிவிடுங்கள். சென்னையில் இருக்கிறவர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்கள் முயல் பார்க்கிற மருத்துவரின் எண்ணை இன்றைக்கே விசாரித்து போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.